சுண்ணாம்பு வேண்டாம், ஐஸ் போதும்: பூச்சிக்கடி அரிப்புக்கு வீட்டு வைத்தியம்

கொசு கடித்தால் தேங்காய் எண்ணெய், எறும்பு கடித்தால் மண்ணெண்ணெய், குளவி கொட்டினால் சுண்ணாம்பு, என்ன கடித்தது என்றே தெரியாவிட்டால் திருநீறு. பூச்சிக்கடிக்கு மருந்து சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அப்படிச் சொல்வதில் சில உண்மையிலேயே கேட்கும், சிலவற்றால் நன்மையும் இல்லை கெடுதலும் இல்லை, சில தோலைப் புண்ணாக்கிவிட்டுத்தான் ஓயும். எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்லப் பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இல்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்: புதுக்குடித்தனம் போனவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், முதல் குழந்தையோடு தனியாகச் சமாளிக்கிறவர்கள்.

ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொசுவில் பெண்தான் கடிக்கும்; முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும். உறிஞ்சும்போது ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தன் எச்சிலை உள்ளே விடுகிறது. அந்த எச்சிலில் இருக்கும் புரதங்களை நம் உடம்பு அந்நியமாகப் பார்த்து, ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்களைக் கடித்த இடத்தில் கொட்டுகிறது. தடிப்பு, சிவப்பு, நமைச்சல் எல்லாம் அவற்றின் வேலை. அதாவது அரிப்பைக் கிளப்புவது நம் உடம்பேதான். 'விஷத்தை முறிக்கிறேன்' என்று மேலே சுரீரென எரியும் எதையாவது பூசினால், ஏற்கெனவே கொதித்துப்போயிருக்கும் தோல் இன்னும் கொதிக்கும். தோலைக் குளிர்விக்கிற, அமர்த்துகிற பொருள் நல்லது. எரிகிற பொருள் கெட்டது. இந்த அளவுகோலை வைத்தே பக்கத்து வீட்டு ஆலோசனைகளில் பாதியை நீங்களே சலித்துவிடலாம்.

கடித்த 20 நிமிடத்துக்குள் வெளிறிய தடிப்பு எழும். சிலருக்கு அது அமுங்கி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ கெட்டியான சிவப்பு முடிச்சாகத் திரும்ப எழும்பி, ஒரு வாரம் பத்து நாள் வரை நமைத்துக்கொண்டிருக்கும். 'நேற்று சரியாகிவிட்டதே, இன்று ஏன் மறுபடி?' என்று பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். சிறு குழந்தைகளுக்கு எதிர்வினை பெரிதாக இருக்கும். வருஷக்கணக்கில் ஒரே ஊர்க் கொசுவிடம் கடிவாங்கிய பெரியவர்களுக்கு அநேகமாக ஒன்றுமே தெரியாது. ஊர் மாறி வந்தவர்களுக்குக் கால் முழுக்கத் தடிக்கும்போது 'தண்ணி ஒத்துக்கல' என்பார்கள். பல நேரம் தண்ணீர்மேல் குற்றமில்லை, அந்த ஊர்க் கொசு இன்னும் உடம்புக்குப் பழகவில்லை.

முதல் பத்து நிமிடம்

எந்தப் பூச்சியாக இருந்தாலும் முதல் வேலை இடத்தை விட்டு நகர்வது. எறும்புப் புற்றின் மேலேயே நின்றுகொண்டு காலைத் தட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். குளவி, தேனீ என்றால் ஒன்று கொட்டியதுமே வேகமாக விலகி வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும்.

கொட்டியது தேனீ என்றால் கொடுக்கு தோலில் தங்கியிருக்கும், கறுப்பு முள் போலத் தெரியும். கூடவே விஷப்பையும் ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டே இருக்கும். 'நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், கிள்ளி எடுத்தால் விஷம் உள்ளே இறங்கும்' என்று முன்பு முதலுதவிப் பாடத்தில் சொல்வார்கள். 1996-ல் வந்த ஓர் ஆய்வு அதைச் சோதித்துப் பார்த்து, எடுக்கும் முறையைவிட எடுக்கும் வேகம்தான் முக்கியம் என்று காட்டியது. விஷத்தில் பெரும்பகுதி முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. ஆகவே இடுக்கி தேடி அலமாரியைக் குடைய வேண்டாம். கிள்ளியோ, சுரண்டியோ, ஏடிஎம் கார்டால் வழித்தோ உடனே எடுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, அதனால் திரும்பத் திரும்பக் கொட்டும்.

கடி கையிலோ காலிலோ இருந்தால் மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். விரல் வீங்கிய பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

பிறகு சோப்பும் தண்ணீரும். சாதாரணக் குளியல் சோப்பு போதும், டெட்டாலை அப்படியே ஊற்றாதீர்கள். முசுறு கடித்திருந்தால் கழுவியதுமே பாதி எரிச்சல் போய்விடும். மாமரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் அந்தச் சிவப்பு எறும்பு, கடித்த இடத்தின்மேல் அடிவயிற்றை வளைத்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிவிடும். தண்ணீர் பட்டதும் அது அடித்துக்கொண்டு போய்விடும்.

அடுத்தது குளிர்ச்சி. நான்கைந்து ஐஸ் கட்டியை ஒரு மெல்லிய துண்டில் சுற்றிக் கடித்த இடத்தில் 10 நிமிடம் வையுங்கள், எடுங்கள், அரிப்பு திரும்பினால் மறுபடி வையுங்கள். ஐஸை நேராகத் தோலில் அழுத்தி வைத்தால் அதுவே சுட்டுவிடும், குழந்தைகளுக்கு முக்கியமாக. குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் வீக்கம் குறைகிறது, நரம்பு மரத்துப்போவதால் நமைச்சல் தெரிவதில்லை. ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் இருப்பவர்கள் மண்பானைத் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து போட்டு, மேலே ஃபேன் காற்று படும்படி உட்கார்ந்தாலே போதும். நிறையப் பேர் இதை 'வெறும் ஒத்தடம்' என்று அலட்சியமாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், கீழே சொல்லப்போகும் எதுவும் இதற்கு ஈடாகாது.

சொறியாமல் இருப்பது எப்படி

'சொறியாதே' என்று சொல்வது சுலபம். சொறியும்போது வலிச் சமிக்ஞை நமைச்சல் சமிக்ஞையை ஒரு நிமிடம் அமுக்கிவிடுகிறது, அதனால்தான் அவ்வளவு சுகம். ஆனால் அதே சொறிதல் அழற்சியைக் கூட்டி, கை எடுத்ததும் முன்பைவிட அதிகமாக நமைக்க வைக்கும். நகத்தால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்திச் சிலுவைக் குறி போடுகிற பள்ளிக்கூடத்து உத்தியும் இதே தந்திரம்தான். நகத்துக்குப் பதில் உள்ளங்கையை அகலமாக வைத்து அழுத்துங்கள், அல்லது சுற்றியுள்ள நல்ல தோலைத் தட்டிக்கொடுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். தூக்கத்தில் கை தானாகப் போகும். குழந்தைக்கு இரவில் மெல்லிய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிவிடலாம், கடித்த இடத்தை முழுக்கைச் சட்டையால் மூடிவைக்கலாம். நம் தோலில் ஒரு முறை புண்ணாகிவிட்டால் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பள்ளிப் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே நாம் பார்க்கிற கறுப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை சொறிந்த கொசுக்கடிகள்தான்.

சமையலறையில் இருப்பது

*சோடா உப்பு.* ஆப்ப மாவில் போடும் அதே சமையல் சோடா. ஒரு தேக்கரண்டி எடுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக் கடித்த இடத்தில் அப்புங்கள். 10 நிமிடம் விட்டுக் கழுவிவிட வேண்டும், காயவிட்டு அப்படியே படுத்துவிடக் கூடாது. கொசு, எறும்புக் கடிக்கு நன்றாகக் கேட்கும். இரண்டு எச்சரிக்கை: மளிகைக் கடையில் சலவைச் சோடாவும் 'சோடா' என்ற பெயரில்தான் கிடைக்கும், அது தோலை அரித்துவிடும், பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். சொறிந்து ரத்தம் வந்த இடத்தில் எந்தச் சோடாவும் வேண்டாம்.

*ஓட்ஸ்.* உடம்பு முழுக்கக் கடி என்றால் தனித்தனியாகத் தடவிக்கொண்டிருக்க முடியாது. மசாலா ஏதும் சேராத வெறும் ஓட்ஸ் ஒரு கைப்பிடியை மிக்ஸியில் மாவாக அடித்து, ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, கடித்த இடங்களில் மொண்டு மொண்டு ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீர். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தரை வழுக்கும், கவனம். கொதிக்கக் கொதிக்கக் குளித்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும், அரை மணியில் அரிப்பு இரட்டிப்பாகும்.

*தேங்காய் எண்ணெய்.* அரிப்பை அடக்காது. ஆனால் தோல் வறளாமல் காக்கும், சொறிந்தாலும் நகம் வழுக்கிவிடும். கெடுதல் இல்லை.

*திருநீறு, சந்தனம்.* குழைத்துப் பூசியது காயும்போது கொஞ்சம் குளிர்ச்சி கிடைக்கும், அவ்வளவுதான். திறந்த புண்ணில் வேண்டாம்.

வெங்காயம், வாழைப்பழத் தோல், டீத்தூள் பை என்று நீளும் பட்டியலை நான் கடந்துபோகிறேன். அவற்றில் கிடைக்கும் சுகத்தில் பெரும்பகுதி ஈரமும் குளிர்ச்சியும் தருவது; அதற்கு நனைத்த துணியே போதும்.

கொல்லைப்புறத்தில் இருப்பது

சோற்றுக் கற்றாழையைச் சரியாகப் பக்குவம் செய்தால் நல்ல மருந்து, அவசரப்பட்டால் அதுவே அரிக்கும். மடலை வெட்டியதும் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அரிப்பைத் தருவது அதுதான். மடலைச் செங்குத்தாக ஒரு டம்ளரில் 10, 15 நிமிடம் நிறுத்தி அந்த மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு, முள்ளோரங்களைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் சாங்கியம் இல்லை. வழவழப்பும் கசப்பு வாடையும் போன பிறகு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துத் தடவிப் பாருங்கள், கொசுக்கடிக்கு அத்தனை இதம். முதல் முறை என்றால் முழங்கையின் உட்புறம் ஒரு பொட்டு வைத்து, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது.

வேப்பிலையை அரைத்துப் பற்றுப் போடலாம், இலையைக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் குளிக்கலாம். அம்மை இறங்கியபின் வேப்பிலைத் தண்ணீர் ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அரிப்புக்கும் அதே பழக்கம் தொடர்கிறது. ஆறியதும் பூசினால் இதமாகத்தான் இருக்கும். அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம்.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அழற்சியைக் குறைக்கும் குணம் அதற்கு உண்டு என்பது சரி. ஆனால் கடைத் தூளைக் குழைத்து அப்பினால் கடித்த இடத்தின் சிவப்பு மறைந்துவிடும். மறுநாள் டாக்டரிடம் போனால், பரவுகிறதா அடங்குகிறதா என்று அவருக்கே தெரியாது. சிலருக்கு மஞ்சளே ஒவ்வாமையைக் கிளப்பும். லேசாகப் பூசி 15 நிமிடத்தில் கழுவிவிடுவதானால் சரி.

குப்பைமேனி இலையை உப்புச் சேர்த்து அரைத்துப் பூசுவது கிராமத்து வழக்கம். சொறிந்த தோலில் அந்த உப்பு எப்படி எரியும் என்று சொல்லவே வேண்டாம், உப்பை விட்டுவிடுங்கள். எந்த மூலிகையானாலும் வெளிப்பூச்சோடு நிறுத்துங்கள். 'உள்ளுக்கும் ஒரு சங்கு கொடு' என்கிற யோசனையைக் குழந்தைகளிடம் செய்து பார்க்காதீர்கள்.

தொடவே கூடாதவை

முதலிடம் சுண்ணாம்புக்குத்தான். தேனீ, குளவி கொட்டினால் வெற்றிலைச் சுண்ணாம்பை அப்புவது தமிழ்நாடு முழுக்க இருக்கிற பழக்கம். இதற்குச் சொல்லப்படும் காரணம், விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் முறிந்துவிடும் என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷம் தோலுக்கு உள்ளே ஊசி போட்டதுபோல இறங்கியிருக்கிறது, சுண்ணாம்பு மேலே உட்கார்ந்திருக்கிறது. தவிர, தேனீ விஷத்தில் வலி உண்டாக்கும் முக்கியப் பொருள் மெலிட்டின் என்ற புரதத் துணுக்கு. அதை அமில-காரக் கணக்கில் சமன் செய்துவிட முடியாது. நீற்றுச் சுண்ணாம்போ தோலை வேகவைக்கும் அளவுக்குக் காரமானது. கொட்டிய தடிப்பு இரண்டு நாளில் போயிருக்கும், சுண்ணாம்புப் புண் இரண்டு வாரம் நிற்கும். அதைவிட முக்கியம், சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தை எடுத்து அமுக்கிக் கண்ணில் பீய்ச்சிக்கொண்டால் பார்வையே போகலாம். அப்படி நடந்துவிட்டால் 15, 20 நிமிடம் விடாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் கொப்புளம் போடும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி சிவந்து, பிறகு காப்பிக் கறையாகக் கறுத்துவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல் இரண்டும் தோலை எரித்து உரிக்கும். டூத்பேஸ்ட் முதலில் சில்லென்று இருக்கும், அதிலுள்ள நுரைக்கும் பொருளும் வாசனைகளும் பிறகு எரிச்சலைக் கூட்டும். தூங்கி எழுந்த எச்சிலைத் தொட்டு வைப்பது, சொறிந்த புண்ணுக்குள் வாய்க்கிருமியை விதைப்பது.

தைலம் நடுவில் நிற்கிறது. அமிர்தாஞ்சன், கோடாலித் தைலம் போன்றவற்றில் இருக்கும் மென்தால், தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளை எழுப்பிவிடுகிறது. அந்தச் சில்லிப்பில் நமைச்சல் மறந்துபோகும். பெரியவர்கள் புண்ணாகாத இடத்தில் ஒரு சொட்டுத் தடவிக்கொள்ளலாம். கண்ணுக்குப் பக்கத்தில் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தைலமும் கற்பூரம் கரைத்த எண்ணெயும் கூடவே கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

மருந்துக் கடைக்குப் போனால்

இளஞ்சிவப்பாக இருக்கும் காலமைன் லோஷன் பழைய, மலிவான, நம்பகமான பொருள். துத்தநாக ஆக்ஸைடுதான் முக்கியச் சரக்கு, நிறம் இரும்பு ஆக்ஸைடால் வருவது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, பஞ்சால் ஒற்றி, காயவிடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போடலாம். கண், வாய்ப் பக்கம் வேண்டாம். லேபிளில் காலமைனோடு வேறு மருந்து சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், குழந்தைக்கு வெறும் காலமைனே நல்லது.

தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு என்றால் பெரியவர்களுக்குச் செட்டிரிசின் 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, இரவில். தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம், மதுவோடு சேர்க்க வேண்டாம். அவில் மாத்திரை இன்னும் அதிகமாகத் தூங்கவைக்கும். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. குழந்தைக்கான அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கவனமாக இருக்க வேண்டியது களிம்பில். கடையில் போய் 'அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க' என்றால், பல கடைகளில் கை தானாகப் போகிற டியூபில் வீரியமான ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், படர்தாமரை மருந்து மூன்றும் ஒன்றாகக் கலந்திருக்கும். போட்ட அன்றே அரிப்பு நின்றுவிடும், அதனால் அடுத்த முறையும் அதையே கேட்போம். நாளடைவில் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, படர்தாமரை இருந்தால் அது உருமாறிப் பரவும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மருந்துச்சீட்டோடுதான் விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. டியூபின் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் தெரிந்தால், டாக்டர் எழுதிக் கொடுக்காதவரை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முகத்திலும் தொடை இடுக்கிலும் போடவே கூடாது. மிகவும் மிதமான ஸ்டீராய்டு 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன். அதையும் கேட்டுக்கொண்டு, சில நாள் மட்டும்.

எது கடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்

பகலில் கணுக்காலைக் குறிவைத்துக் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ் வகைக் கொசு, இரவில் காதோரம் ரீங்காரமிட்டுக் கடிப்பது சாக்கடையில் வளர்கிற க்யூலெக்ஸ். தடிப்புக்கு வைத்தியம் ஒன்றே. செவ்வெறும்பு கடித்த இடத்தில் மறுநாள் வெள்ளைத் தலையோடு சிறு கொப்புளம் எழலாம். சீழ் என்று நினைத்துக் குத்தி உடைக்காதீர்கள், உடைத்தால்தான் சீழ் பிடிக்கும். காலையில் எழுந்ததும் கையிலும் கழுத்திலும் மூன்று நான்கு தடிப்பு வரிசையாக இருந்தால் மெத்தையைப் புரட்டி, தையலிலும் கட்டில் இடுக்கிலும் மூட்டைப்பூச்சி தேடுங்கள். அதை ஒழிக்காமல் எத்தனை லோஷன் போட்டாலும் வீண்.

கம்பளிப்பூச்சி தனி ரகம். மழைக்காலத்தில் முருங்கை மரத்து அடியில் கம்பளம் விரித்தாற்போல் கூட்டமாக அப்பியிருக்கும். அது கடிப்பதில்லை, அதன் ரோமம் தோலில் குத்திக்கொள்வதால்தான் தடிக்கிறது. பட்டதும் தேய்த்தால் ரோமம் இன்னும் உள்ளே போகும், பக்கத்து இடத்துக்கும் பரவும். ஒட்டும் டேப்பைத் தோலில் ஒட்டி உரித்தெடுங்கள், ஒவ்வொரு முறையும் புது டேப். பிறகுதான் சோப்பு, ஐஸ், காலமைன். போட்டிருந்த சட்டையையும் தனியாகத் துவையுங்கள்.

'ஆசிட் பூச்சி' என்று இப்போது பலரும் சொல்கிற வண்டைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பெரிய எறும்பளவு, ஒல்லி உடம்பு, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். வயல் பக்கமுள்ள ஊர்களில் மழை விட்டதும் டியூப்லைட்டைச் சுற்றி வரும். இதுவும் கடிக்காது. கழுத்தில் ஊரும்போது நாம் அடித்து நசுக்கினால், உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் பூசிக்கொள்கிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கழித்துச் சாட்டையடி போல நீளமாகச் சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் மடிக்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அச்சு விழும். இதை 'அக்கி' என்று நினைத்துக் காவி எழுதப் போகிறவர்கள் உண்டு, பல்லி மூத்திரம் என்பவர்களும் உண்டு. உடம்பில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், தெரியாமல் நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கொப்புளித்துவிட்டால் ஈரத்துணி ஒத்தடம். கண்ணருகே என்றால் டாக்டர்.

கடியே இல்லாத அரிப்பும் உண்டு. உடம்பெங்கும் திட்டுத் திட்டாகத் தடித்து, ஒரு இடத்தில் மறைந்து இன்னொரு இடத்தில் எழும்பினால் கிராமத்தில் காணாக்கடி என்பார்கள். பெரும்பாலும் அது உணவோ மருந்தோ தொற்றோ கிளப்பிய ஒவ்வாமைத் தடிப்பு. விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் கூடுதலாக அரித்து, வீட்டில் இன்னொருவருக்கும் அதே தொல்லை என்றால் அது சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத நுண்பூச்சி தோலுக்குள் குடியிருக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் அதை அசைக்காது. டாக்டர் எழுதித் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே நாளில் பூசி, துணி படுக்கையை வெந்நீரில் போட்டால்தான் போகும்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டிய நேரம்

கடித்த முதல் இரண்டு நாளில் சிவப்பு அகலமாவது அநேகமாக ஒவ்வாமைதான். அதற்குப் பிறகும் சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க, ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதிவையுங்கள். கோட்டைத் தாண்டினால், தொட்டால் சுட்டால், சீழ் வைத்தால், அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டினால், காய்ச்சல் அடித்தால் கிருமி புகுந்துவிட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலில் இருக்கும் எந்தச் சொறிந்த கடியையும் அதுவரை விட்டுவைக்கக் கூடாது.

கடிகள் ஆறிய பிறகு சில நாளில் காய்ச்சல் வந்தால் டெங்கு, மலேரியாவை நினைக்க வேண்டும். பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் போடாமல் டாக்டரைப் பாருங்கள். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலோடு அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு இங்கெல்லாம் சிகரெட்டால் சுட்டது மாதிரி வலியும் அரிப்பும் இல்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். புதருக்குள் வேலை செய்பவர்களுக்கும் ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் மழை, குளிர் மாதங்களில் வரும். அரிக்காததால் யாருமே கவனிப்பதில்லை, டாக்டரிடம் நீங்களாகவே காட்டுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற எளிய மாத்திரையில் கேட்கும் நோய் அது, தாமதமானால் ஆளைச் சாய்த்துவிடும்.

தேள் கொட்டியதையும் கதண்டு கூட்டமாகக் கொட்டியதையும் வீட்டில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். அதேபோல எந்தப் பூச்சி கடித்து, சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உதடு, நாக்கு வீங்கினாலும், மூச்சு இளைத்தாலும், குரல் மாறினாலும், உடம்பெல்லாம் தடித்துத் தலைசுற்றி வாந்தி வந்தாலும் உடனே 108. அந்த நேரத்தில் கேட்கும் மருந்து ஆஸ்பத்திரியில் போடும் அட்ரினலின் ஊசி, செட்டிரிசின் இல்லை. வண்டி வரும்வரை ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தலையணைமேல் தூக்கிவையுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரவிடுங்கள். எழுப்பி நடக்கவைக்காதீர்கள், குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள். ஒரு முறை இப்படி ஆனவர் பிறகு ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்து, தன் பர்ஸில் ஒரு சீட்டில் அதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.